பாட்டுக்கும் பட்டா உண்டு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் கம்பனையும் வள்ளுவனையும் பேசிப் பழகிய நாம், இன்று கடல் கடந்த அமெரிக்க நாட்டுப் பாடகர்களைப் பற்றிப் பேச முன்வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். காரணம் இதுதான். நம் காலனியில் சில வீடுகளில் மாலை வேளைகளில் கிதார் ஒலி கேட்கிறது. பிள்ளைகள் தாமே எழுதித் தாமே மெட்டமைத்துத் தாமே பாடிக் கைபேசியில் பதிந்து உலகுக்கு அனுப்புகின்றனர். “பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இதை நம்பினால் அடுப்பு எரியுமா?” என்று தாய்மார்கள் கேட்கின்றனர். இந்தக் கேள்விக்கு நேர்மையான விடை வேண்டுமானால், அத்தொழிலில் நூறாண்டுக் காலம் ஊறியவர்களின் கணக்கைப் புரட்டிப் பார்க்க வேண்டும். தானே எழுதித் தானே பாடிப் பிழைப்பது என்னும் தொழில் அமெரிக்காவின் ‘கண்ட்ரி’ இசையில் வேரூன்றியதைப் போல வேறிடங்களில் வேரூன்றியது அரிது. அங்கே உண்டவர் கணக்கும் உண்டு; பட்டினி கிடந்தவர் கணக்கும் உண்டு.

‘கண்ட்ரி’ என்றதும் அதை நம் நாடோடிப் பாடல் போன்றது என்று எண்ணிவிடலாகாது. அப்பலாச்சிய மலைகளில் குடியேறிய ஸ்காத்லாந்து, அயர்லாந்து மக்களின் பிடில் இசை, ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்த பாஞ்சோ, தேவாலயத்துத் துதிப்பாடல், கறுப்பின மக்களின் ‘புளூஸ்’ ஆகிய இத்தனை ஆறுகளும் கூடிய கடல் அது. வேர் நாடோடிப் பாட்டில் இருந்தாலும், இசைத்தட்டும் வானொலியும் வந்த நாள் முதலாகவே அது சந்தைக்கு வந்த இசையுமாகும். ஆகவே பணக்கணக்கும் அன்றே தொடங்கிவிட்டது.

1927ஆம் ஆண்டுக் கோடையில், டென்னசி, வர்ஜீனியா என்னும் இரு மாநிலங்களின் எல்லைக்கோடு நடுத்தெருவிலே ஓடுகின்ற பிரிஸ்டல் என்னும் ஊருக்கு, ரால்ஃப் பியர் என்பவர் விக்டர் இசைத்தட்டு நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கருவிகளோடு வந்து இறங்கினார். தொப்பிக் கிடங்கு ஒன்றில் கருவிகளை நிறுத்திச் சுற்று வட்டாரப் பாடகர்களை அழைத்தார். கார்ட்டர் குடும்பத்தார் மலைப்பாதையில் காரில் வந்து சேர்ந்தனர். அவர்களுள் மேபெல் கார்ட்டர் அப்போது கர்ப்பிணி. காசநோயால் மெலிந்திருந்த ஜிம்மி ராட்ஜர்ஸ் என்னும் பழைய இரயில்வே தொழிலாளியும் அவ்விடத்தில்தான் முதன்முதலாகப் பாடிப் பதிவு செய்தார். ஒரு பாட்டுக்கு 50 டாலர் ரொக்கம். அந்நாளில் அம்மலை மக்களுக்கு அது பெருந்தொகை.

ஆனால் பியர் தமக்கென்று கேட்டது என்ன? விக்டர் நிறுவனத்திடம் அவர் நாடியது சம்பளத்தை அன்று. பதிவாகும் பாடல்களின் பதிப்புரிமையைத்தான். பாட்டைக் காற்று என்று மலை மக்கள் எண்ணியிருந்தனர். அதை நிலம் என்று கண்டுகொண்டவர் அவர். பாடகர்களுக்கும் அவர் உரிமைத்தொகையில் ஒரு பங்கு கொடுத்தார் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. எனினும் அந்தப் பங்கும் எல்லோரையும் எட்டவில்லை. ஏ. பி. கார்ட்டரோடு ஊர் ஊராக நடந்து, மெட்டுகளைத் தம் நினைவில் ஏற்றிக் கொணர்ந்த லெஸ்லி ரிடில் என்னும் கறுப்பின இசைஞரின் பெயர் அந்த உரிமைத்தாள்களில் ஏறவே இல்லை.

நம் ஊரில் காணிக்குப் பட்டா இருப்பதுபோல் பாட்டுக்கும் பட்டா உண்டு. உண்மையில் இரண்டு பட்டாக்கள். எழுதிய பாட்டுக்கு ஒன்று. பதிந்த ஒலிக்கு மற்றொன்று. எழுதியவனும் பாடியவனும் ஒருவனாகவே இருந்தாலும் இவை வேறு வேறு. 1909ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம், இசைத்தட்டில் ஏறும் ஒரு பாட்டுக்குப் படி ஒன்றுக்கு 2 சென்ட் என்று விலை வகுத்தது. இரண்டு உலகப் போர்கள் வந்து போயின. மாட்டுவண்டி போய் ஆகாயவிமானம் வந்தது. அந்த 2 சென்ட் மட்டும் 1978 வரை அசையவில்லை! 2006இல் அது 9.1 சென்ட் ஆயிற்று. 2023இல்தான் 12 சென்ட்டைத் தொட்டது. இதிலும் பாதியைப் பதிப்பகம் எடுத்துக்கொள்வது நெடுநாள் வழக்கம்.

வானொலிக் கணக்கு இதனினும் விந்தையானது. அமெரிக்க வானொலி நிலையம் ஒரு பாட்டை ஒலிபரப்பினால் அதை எழுதியவருக்குத் தொகை உண்டு; பாடியவருக்கு இன்றளவும் ஒரு காசும் இல்லை. எழுதாமல் பாட மட்டும் செய்பவர், தம் குரல் நாடு முழுதும் நாள்தோறும் ஒலிக்கக் கேட்டுக்கொண்டே வெறுங்கையோடு இருக்க நேரும். அந்நாட்டுப் பாடகர் பலர் பேனாவைக் கையில் எடுத்தமைக்குக் கலையார்வம் மட்டுமே காரணம் அன்று என்பது இப்போது விளங்கும்.

நாஷ்வில் நகரில் பாட்டெழுதுவோர்க்கு மாதப் படி கொடுக்கும் பதிப்பகங்கள் பல. கேட்பதற்குச் சம்பளம் போல இருக்கும். ஆனால் அது முன்பணம். பின்னால் வரும் உரிமைத்தொகையில் கழித்துக்கொள்ளப்படும். குத்தகை நிலத்தில் விதைநெல் கடன் வாங்கி உழுத நம் முன்னோர்க்கு இந்த ஏற்பாட்டை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை.

பட்டாவின் அருமை அறியாமல் விற்றவர்களுள் புகழ்மிக்கவர் வில்லி நெல்சன். டெக்சஸ் மாநிலத்தில் வறுமையில் உழன்ற காலத்தில், தாம் எழுதிய ‘ஃபேமிலி பைபிள்’ என்னும் பாட்டை 50 டாலருக்கும், ‘நைட் லைஃப்’ என்னும் பாட்டை 150 டாலருக்கும் விற்றுவிட்டார். முன்னதைக் கிளாட் கிரே என்பவர் பாடி 1960இல் நாடெங்கும் ஒலிக்கச் செய்தார். எழுதியவர் பெயராக அதில் நெல்சன் பெயர் இல்லை. அவர் அழுது புலம்பவில்லை. விற்ற பாட்டு வெற்றி பெற்றால், விற்காத பாட்டும் வெற்றி பெறும் என்று துணிந்து நாஷ்வில் சென்றார். 1961இல் பேட்சி கிளைன் பாடிய ‘கிரேசி’ அத்துணிவின் பயன். 1975இல் ‘ரெட் ஹெடட் ஸ்டிரேஞ்சர்’ தொகுப்பைப் பதிந்தபோது, எதைப் பாடுவது, எப்படிப் பாடுவது என்பதைத் தாமே முடிவு செய்யும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருந்தார். ஐம்பது டாலர் கற்பித்த பாடம் அது என்பது நம் எண்ணம்.

பெற்றோர்களே! இனிச் சொல்லப்போவது உங்களுக்காகவே. கிரிஸ் கிறிஸ்டாஃபர்சன் என்பவர் விமானப்படைத் தளபதி ஒருவரின் மகன். ரோட்ஸ் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்ஃபோர்டில் இலக்கியம் பயின்றவர். படையில் காப்டன்; ஹெலிகாப்டர் ஓட்டத் தெரிந்தவர். வெஸ்ட் பாயிண்ட் படைக்கல்லூரியில் ஆங்கில இலக்கிய ஆசிரியர் பணி அவர்க்காகக் காத்திருந்தது. இதைவிட ஒரு தாய் தன் மகனுக்கு வேறு என்ன வேண்டுவாள்? அவரோ 1965இல் அப்பணியை வேண்டாமென்று உதறிப் பாட்டெழுத நாஷ்வில் சென்றார். கொலம்பியா நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் தரை கூட்டிச் சாம்பல் கிண்ணங்களைக் கழுவும் வேலை கிடைத்தது. வீட்டார் அவரைக் கைவிட்டனர். பின்பு இலூயிசியானா கடற்கரைக்கு அப்பால் எண்ணெய்த் தளங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஹெலிகாப்டர் ஓட்டியாக வேலை செய்து, ஓய்ந்த நேரத்தில் பாட்டெழுதினார். 1970இல் ஜானி கேஷ் பாடிய அவருடைய பாட்டு ஆண்டின் சிறந்த கண்ட்ரி பாட்டாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1965க்கும் 1970க்கும் இடையே ஐந்தாண்டுகள். அந்த ஐந்தாண்டுகளில் அவர் திரும்பி வந்திருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரைப் பற்றி நாமும் இன்று பேசியிருக்க மாட்டோம். அவரைப் போலவே துடைப்பம் ஏந்திப் பெயர் தெரியாமல் ஊர் திரும்பியவர்களும் பலர் என்பதை மறைப்பதற்கில்லை. அவர்கள் வரலாற்றை யாரும் எழுதவில்லை.

ஊரை விட்டு வந்தவர்கள் நாம். ஆதலால் நம் நெஞ்சுக்கு அணுக்கமான ஒரு நெடுஞ்சாலையைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம். கென்டக்கி மாநிலத்தின் கிழக்கு மலைகளினூடே 23ஆம் எண் நெடுஞ்சாலை செல்கிறது. நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை குன்றியபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அச்சாலை வழியே வடக்கே ஒகாயோ, மிச்சிகன் தொழிற்சாலைகளுக்குக் குடிபெயர்ந்தன. விடுமுறை வந்தால் அதே சாலை வழியே ஊருக்குத் திரும்பின. பள்ளியில் எழுதக் கற்பது, படிக்கக் கற்பது, மூன்றாவதாக 23ஆம் சாலையைக் கற்பது என்று அங்கே ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. நம்மவர் பெட்டி படுக்கையோடு இரயிலேறியதற்கு இது இளைத்ததன்று. அச்சாலையோரத்து ஊர்களில் பிறந்த பாடகர்கள் பலராதலால், கென்டக்கியில் அதற்குக் ‘கண்ட்ரி இசை நெடுஞ்சாலை’ என்றே பெயர். அங்கே பைக்வில்லில் பிறந்து ஒகாயோவில் வளர்ந்தவர் டுவைட் யோகம். நாஷ்வில் அவரை ஏற்காதபோது லாஸ் ஏஞ்சல்ஸ் சென்று, 1984இல் ஒரு சிறு இசைத்தட்டைத் தம் முயற்சியிலேயே வெளியிட்டார். பெரிய நிறுவனம் அவரைத் தேடி வந்தது அதன் பிறகுதான்.

அதே வட்டாரத்தில் புச்சர் ஹாலோ என்னும் மலைச்சந்தில், சுரங்கத் தொழிலாளியின் மகளாக 1932இல் பிறந்தவர் லொரெட்டா லின். பதினைந்தாம் வயதில் மணம். கணவரோடு நாட்டின் மறுகோடியான வாஷிங்டன் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து, அடுத்தடுத்துப் பிள்ளைகளைப் பெற்றார். கணவர் 17 டாலர் விலையில் ஒரு கிதார் வாங்கிக் கொடுத்தார். தாமே மீட்டக் கற்றுக்கொண்டு தாமே எழுதினார். ‘ஜீரோ’ என்னும் சிறு நிறுவனம் 1960இல் அவருடைய முதல் இசைத்தட்டை வெளியிட்டது. விளம்பரத்துக்கு ஆளேது? கணவனும் மனைவியும் இசைத்தட்டுகளைப் பழைய காரில் ஏற்றிக்கொண்டு, வழியில் தென்பட்ட வானொலி நிலையம் ஒவ்வொன்றிலும் நுழைந்து, “இதைப் போடுங்கள்” என்று கேட்டுக்கொண்டே நாட்டைக் குறுக்கே கடந்தனர். இரவில் காரிலேயே உறக்கம், உணவு ரொட்டித்துண்டு. அப்பாட்டு நாட்டின் கண்ட்ரி பாட்டு வரிசையில் 14ஆம் இடத்தைப் பிடித்தது. வீடு வீடாக அப்பளம் விற்றுக் குடும்பத்தை நிறுத்திய பெண்மணிகளை அறிந்த நமக்கு, இந்த அம்மையாரின் முயற்சி அயலானதாகத் தோன்றாது.

ஆனால் கேளுங்கள். நாஷ்வில் வந்து சேர்ந்ததும், வில்பர்ன் சகோதரர்களின் பதிப்பகத்தோடு தம் பாடல்களைப் பிணைத்துக் கையெழுத்திட்டார். 1970களில் அப்பிணைப்பிலிருந்து விடுபட வழக்குமன்றம் ஏறினார். வழக்கு நெடுங்காலம் நீண்டது. ஆண்டின் தலைசிறந்த கலைஞர் என்னும் விருதை 1972இல் பெண்களுள் முதல்வராக வென்றவர் அவர். அவ்வளவு புகழ் பெற்றவராலும் பழைய தாளில் இட்ட ஒரு கையெழுத்தை எளிதில் அழிக்க முடியவில்லை.

இனி நமக்கு மிகவும் உவப்பான ஒருவருக்கு வருவோம். சிகாகோ நகரின் புறத்தே மேவுட் என்னும் ஊரில் கடிதம் சுமந்த தபால்காரர், ஜான் பிரைன். கென்டக்கியிலிருந்து வடக்கே வந்த குடும்பத்தின் பிள்ளை. வீடு வீடாகத் தபால் போட்டுக்கொண்டே மனத்துக்குள் பாட்டுக் கட்டுவார். மாலையில் சிகாகோவின் சிறு விடுதிகளில் பாடுவார். 1970இல் திரைப்பட விமர்சகர் ரோஜர் ஈபர்ட் தற்செயலாக அவர் பாடக் கேட்டு, அன்று படத்தை விட்டுவிட்டுப் பாடகரைப் பற்றி நாளேட்டில் எழுதினார். மறு ஆண்டில் அவரைக் கேட்டு வியந்து கைதூக்கிவிட்டவர், சற்று முன் நாம் கண்ட கிறிஸ்டாஃபர்சனே. 1971இல் பெரிய நிறுவனத்தின் வாயிலாக முதல் தொகுப்பு வந்தது. அறிஞர் பாராட்டினர்; விற்பனை மட்டும் பெரிதாக ஓங்கவில்லை. பத்தாண்டுக் காலம் இரண்டு பெரிய நிறுவனங்களில் இருந்து பார்த்தார். 1980களின் தொடக்கத்தில் மூன்றாவது ஒன்றைத் தேடாமல், நண்பர்களோடு சேர்ந்து ‘ஓ பாய்’ என்னும் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார்.

முதலுக்கு எங்கே போவது? இசைத்தட்டு இன்னும் பிறக்கவே இல்லை. ஆயினும் கேட்பவர்கள் முன்கூட்டியே தபாலில் காசோலை அனுப்பினர். அப்பணத்தைக் கொண்டே 1984இல் ‘எய்ம்லெஸ் லவ்’ தொகுப்பு வந்தது. ஒரு காலத்தில் தெருத்தெருவாகப் பிறர் கடிதங்களைச் சுமந்தவரின் வாழ்வு, தமக்கு வந்த கடிதங்களால் நிமிர்ந்தது. விற்கும் படிகள் குறைவாயினும், இடையில் கைமாறுவோர் இலர். மிஞ்சுவது வீட்டுக்கு வந்தது. 1991இல் வெளிவந்த ‘தி மிஸ்ஸிங் இயர்ஸ்’ என்னும் தொகுப்பு கிராமி விருது பெற்றது. 1998இல் கழுத்தில் புற்றுநோய். சிகிச்சைக்குப் பின் குரல் தழைந்து கரகரத்தது. அந்தக் குரலோடேயே மேடை ஏறினார். 2018இல் அவர் வெளியிட்ட தொகுப்பு அமெரிக்க விற்பனை வரிசையில் 5ஆம் இடத்தில் நுழைந்தது. தம் வாழ்நாளில் அவர் எட்டிய மிக உயர்ந்த இடம் அது. அப்போது அவருக்கு வயது 71. 2020 ஏப்பிரல் 7ஆம் நாள் கொரோனா நோயால் மறைந்தார். அந்நிறுவனத்தைக் குடும்பத்தார் தொடர்ந்து நடத்தி வருகின்றனர். இளம்பாடகர்களின் பாடல்களும் அதில் வெளிவருகின்றன.

பெரிய நிறுவனத்தைச் சாராமல் வாழ வேறொரு வழியும் உண்டு. டெக்சஸ் மாநிலம் தமிழ்நாட்டைப் போல் ஐந்து மடங்குக்கும் மேற்பட்ட பரப்புடையது. 1878இல் கட்டப்பட்ட குரூன் மண்டபம் போன்ற பழைய நடனக்கூடங்கள் அங்கே ஊருக்கு ஊர் இருக்கின்றன. ஒரு பாடகர் அம்மாநிலத்தை விட்டு வெளியே போகாமலே ஆண்டு முழுதும் பாடிப் பிழைக்கலாம். ஏரன் வாட்சன் அவ்வாறு பல்லாண்டு பாடித் தம் சொந்தக் கூட்டத்தைச் சேர்த்தவர். 2015இல் அவர் தாமே வெளியிட்ட தொகுப்பு கண்ட்ரி தொகுப்பு வரிசையில் முதலிடத்திலேயே நுழைந்தது. தனியாக வெளியிட்ட ஆண் பாடகர் எவருக்கும் அதற்கு முன் அது வாய்க்கவில்லை. எளிதாக வந்த வெற்றி என்று எண்ணற்க. நெடுஞ்சாலையில் கழித்த இரவுகளும், வண்டிக்கு ஊற்றிய எண்ணெயும், துணை இசைஞர்க்குக் கொடுத்த கூலியும், வீட்டில் காத்திருந்த மனைவி மக்களும் அந்தக் கணக்கில் அடங்கும்.

இக்கால இணையத்தைப் பற்றிச் சுருங்கச் சொல்வோம். 2023 ஆகஸ்டில் வர்ஜீனியாவைச் சேர்ந்த ஆலிவர் ஆன்டனி, காட்டுவெளியில் நின்று கிதாரோடு பாடிய ஒரு பாட்டு, சில நாட்களில் அமெரிக்கப் பாட்டு வரிசையின் முதலிடத்தில் ஏறியது. அதற்கு முன் எந்த வரிசையிலும் அவர் பெயர் இருந்ததில்லை. எண்பது இலட்சம் டாலர் ஒப்பந்தங்களைத் தாம் ஒதுக்கியதாக அவரே எழுதினார். நம் பிள்ளைகள் இதைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வர். அது இடி விழுந்தது போன்றது. இடியை நம்பி யாரும் பயிர் செய்வதில்லை. இணையத்தில் ஒரு முறை கேட்பதற்குக் கிடைப்பது ஒரு சென்ட்டின் சிறு பின்னமே. அதை மட்டும் கொண்டு குடும்பம் நடத்துவது அரிது. மேடைக் கட்டணமும், மண்டப வாயிலில் விற்கும் இசைத்தட்டும் சட்டையுமே இன்றும் பெரும்பாலோர்க்குச் சோறு போடுகின்றன.

ஆகவே தாய்மார்கள் கேட்ட கேள்விக்கு விடை: அடுப்பு எரியும், ஆனால் நெடுநாள் கழித்தே எரியும், அதுவரை தபால் சுமக்கவோ தரை கூட்டவோ வேறொரு வேலை வேண்டும். எமக்கு அதனினும் கவலை தருவது மற்றொன்று. புகழ் வருமுன்பே சில நிறுவனங்கள் நம் பிள்ளைகளிடம் ஒரு தாளை நீட்டுகின்றன. படிக்காமல் பொத்தானை அழுத்திவிடுகின்றனர்.

சட்டம் இன்று பழைய நாளைப்போல் இல்லை. அமெரிக்காவில் 1978 முதல் எழுதிக்கொடுத்த உரிமைகளை, 35 ஆண்டுகள் கழித்து எழுதியவரே உரிய அறிவிப்புக் கொடுத்து மீட்டுக்கொள்ள வழியுண்டு. நம் நாட்டில் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, திரைப்படத்திலோ ஒலிப்பதிவிலோ இடம்பெற்ற பாட்டை எழுதியவரும் இசையமைத்தவரும் உரிமைத்தொகையில் சம பங்கு பெறும் உரிமையைத் தம் வாரிசுகளுக்கோ உரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறெவர்க்கும் எழுதிக் கொடுக்க இயலாது. திரையரங்கில் படத்தோடு காட்டப்படுவதற்கு மட்டும் அது பொருந்தாது. எழுதிய அன்றே பாட்டு எழுதியவனுக்கு உரியதாகிவிடுகிறது. பதிவு செய்தாக வேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை. 1969இல் தோன்றிய இந்திய நிகழ்த்துரிமைச் சங்கத்தில் சேர்ந்தால், வானொலியிலும் மேடையிலும் பாட்டு ஒலிப்பதற்கான தொகையை அது வாங்கித் தரும்.

நம் செயற்குழுவிடம் ஒரு வேண்டுகோள் விடுத்திருந்தோம். விழாவில் பிள்ளைகள் பாடும் சொந்தப் பாடல்களின் சொற்களை, எழுதியவர் பெயரும் மெட்டமைத்தவர் பெயரும் ஆண்டும் விளங்கச் சங்கத்துப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்பது அது. செயலாளர் இசைந்துள்ளார், ஏடும் வாங்கியாயிற்று. திரைக்குப் பின்னே கிதாரைச் சுருதி கூட்டும் ஒலி இங்கே கேட்கிறது. அவர்களுக்கு மேடையை விட்டு அமர்கின்றோம்.